வகிடு மட்டும் தெரிந்த நாட்கள்

தருவைப்பேட்டை பீடிக் கொட்டகையில் அதுவரை எத்தனையோ புத்தகங்கள் வாசித்தாகிவிட்டது. அழ வைத்த புத்தகம் உண்டு, தூங்க வைத்த புத்தகம் உண்டு, பாதியிலேயே அலுத்துப்போய்ப் பக்கம் பக்கமாகக் கிழித்துப் பண்டல் சுற்றிய புத்தகமும் உண்டு, ஆனால் கேட்டவர்களைத் தரையிலிருந்து கிளப்பி ஆகாயத்தில் நிறுத்திய புத்தகம் ஆவுடையப்பன் எழுதியது ஒன்றுதான்.

கொட்டகை என்றால் தென்னங்கிடுகு வேய்ந்த நீளக் கொட்டகை. நாற்பத்திரண்டு பெண்கள் மடியில் அரிசி புடைக்கிற சுளகும், சுளகில் இலையும் தூளும் நூலுமாக வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். விரல் தன் பாட்டுக்குச் சுருட்டும், மடக்கும், கட்டும். வாயும் காதும்தான் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற வாய் ஊர் வம்பை இழுத்துவிடும் என்பதால் ஒருத்தியை நடுவில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்துப் பேப்பரோ கதையோ வாசிக்கச் சொல்வது அங்கே பழக்கம். ஒன்பது வருஷமாக வாசிப்பவள் முப்பிடாதி. எட்டாம் வகுப்பு வரை படித்தவள், புருஷன் கொழும்புக்குப் போனவன் போனவன்தான், ஒரே மகள் செல்லக்கனி அதே கொட்டகையில் இரண்டாவது வரிசையில் பீடி சுற்றுகிறாள். வாசிக்கிறவளுக்கு இரண்டு சட்டம் உண்டு. ஒரு வரியையும் தாண்டக்கூடாது. யாராவது ஒருத்தி "திரும்ப" என்றால் அந்த இடத்தைத் திரும்ப வாசிக்க வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக்கூடாது.

கம்பவுண்டர் சங்கரலிங்கத்தின் மகன் ஆவுடையப்பன் சண்டை விமானம் ஓட்டுகிறவன். வடக்கே சண்டை வந்தபோது அவனுக்கு வயது இருபத்தைந்து. பதினெட்டு முறை பறந்து போய்க் குண்டு போட்டு, பதினெட்டு முறையும் முழுசாகத் திரும்பி வந்து, சண்டை ஓய்ந்ததும் நீண்ட லீவில் ஊருக்கு வந்தவனை அப்பா சும்மா இருக்க விடவில்லை. சைக்கிளில் மதுரைக்குப் போய்வந்தவன் எல்லாம் மேடை போட்டுப் பேசுகிற ஊரில் நீ வாயை மூடிக்கொண்டு இருப்பதாவது என்று உட்காரவைத்து எழுத வைத்து, சந்தைத்தெரு அச்சாபீஸில் முந்நூறு பிரதி போட்டார். 'பதினெட்டு முறை பறந்தேன்' என்று பெயர். அட்டையில் விமான ஏணியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக ஆவுடையப்பன் சிரித்துக்கொண்டிருந்தான். முதல் பிரதி சாமிக்குப் போனது, இரண்டாவது பிரதியைக் கம்பவுண்டரே கொட்டகைக்குக் கொண்டுவந்தார்.

"நம்ம பய என்ன செஞ்சிருக்கான்னு நீங்கள்லாம் கேக்கணும் முப்பிடாதி. நிறுத்தி வாசி, அவசரப்படாத," என்றார்.

நிறுத்தித்தான் வாசித்தாள். சண்டை என்றால் மண்ணெண்ணெய் கிடைக்காத காலம் என்று மட்டுமே தெரிந்திருந்த அந்தப் பெண்களுக்குப் புத்தகம் முதல் நாளிலேயே பிடித்துப்போனது. ஏனென்றால் பையன் சுட்டதைப் பற்றி அதிகம் எழுதவில்லை, குண்டு விழுந்த இடத்தில் எல்லாம் 'கீழே புகை எழுந்தது' என்று ஒரு வரியோடு நகர்ந்துவிட்டான், மேலே இருந்து பார்த்ததைத்தான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். வயல்கள் சுளகில் பரப்பிய இலை மாதிரி கிடந்ததாம், ஆறு அறுந்து விழுந்த நூல் மாதிரி கிடந்ததாம், மனிதர்கள் என்று தனியாக யாரும் இல்லையாம், அங்கங்கே தூள் சிந்தினாற்போல் புள்ளி புள்ளியாக நகர்ந்துகொண்டிருந்தார்களாம். பீடிக்காரர்கள் ஊரில் பிறந்தவனுக்கு ஆகாயத்திலும் சுளகுதான் நினைவுக்கு வந்திருக்கிறது என்று கொட்டகையே பூரித்துப்போனது. மேலே இருந்து பார்க்கிற அந்த நாலாவது அதிகாரத்தை ஒருத்தி "திரும்ப" என்றாள், அது முடிந்ததும் இன்னொருத்தி "திரும்ப" என்றாள். மூன்றாம் தரம் வாசித்து முடித்தபோது செவ்வாய்க்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும்.

"ஏட்டி, கொட்டகை மேல ரெண்டு கிடுகு விலகிக் கெடக்கு. மழை வந்தா என் தலையிலதான் ஒழுகும்," என்றாள் மூன்றாவது வரிசை மாடத்தி, குனிந்த தலை நிமிராமல்.

"ரெண்டு இல்ல, மூணு. மூலையில காக்கா வேற கூடு கட்டிருக்கு," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

ஒவ்வொருத்தியாக ஆமாம் ஆமாம் என்றார்கள். கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கொட்டகையின் கூரை, ஒரு பனைமர உயரத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்தது. உடம்பு கீழேதான் இருந்தது, பார்வைதான் மேலே போய் நின்றுகொண்டது. யாரும் அலறவில்லை, யாரும் கையை நிறுத்தவும் இல்லை, பீடி சுற்றுகிற விரலுக்குக் கண் எதற்கு. சோற்றுக்கு மணி அடித்ததும் வெளியே வந்து, வெயிலில் நடந்துபோகிற நாற்பத்திரண்டு தலைகளைப் பார்த்து, அதில் தன் தலை எது என்று கண்டுபிடிக்கத்தான் கொஞ்ச நேரம் ஆனது.

முப்பிடாதிக்கு மட்டும் நாலு பனை உயரம். கேட்டவர்களுக்கே ஒரு பனை என்றால் வாசித்தவளுக்கு அவ்வளவு இருக்கத்தானே செய்யும்.

இதை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்றால், புதிதாகப் பஸ் விட்டால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படித்தான் எடுத்துக்கொண்டது. முதல் வாரம் வேடிக்கை, இரண்டாவது வாரம் உபயோகம், மூன்றாவது வாரம் குறைசொல்லல். தொலைந்த ஆட்டைத் தேடி யாரும் அலையவில்லை, ஒரு பீடிக்காரியை வாசலுக்குக் கூப்பிட்டுக் கேட்டால் "கருவேலங்காட்டுக்குள்ள நிக்கி, மேற்கால" என்று சொல்லிவிடுவாள். யார் வீட்டு ஓடு உடைந்திருக்கிறது, யார் மொட்டைமாடியில் யார் வீட்டு வத்தல் காய்கிறது, மில் மேஸ்திரி சாயங்காலம் எந்தச் சந்துக்குள் திரும்புகிறார் என்று எல்லாமே வெளிச்சமாகிவிட்டது. மேஸ்திரி அதற்குப் பிறகு குடை இல்லாமல் வெளியே வரவில்லை. ஆம்பிளைகளுக்குப் பொறுக்குமா? கம்பவுண்டர் வீட்டில் வரிசை கட்டி நின்று புத்தகத்தை வாங்கிப் படித்து அவர்களும் மேலே போனார்கள், போன கையோடு வரப்புத் தகராறுகளை எல்லாம் புதிதாக ஆரம்பித்தார்கள். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்பார்கள், தருவைப்பேட்டைக்காரர்களுக்குக் கலசத்தின் தலையே தெரிந்ததால் எத்தனை கோடி என்று பூசாரிக்கே சொல்லத் தெரியவில்லை.

வாசலில் போடுகிற கோலம் கூரைக்குப் போனது. மொட்டைமாடி உள்ளவர்கள் அங்கே பெரிதாகப் போட்டார்கள், ஓட்டு வீட்டுக்காரர்கள் சுண்ணாம்பால் ஓட்டின்மேல் அடையாளம் போட்டார்கள், இல்லாவிட்டால் யாருக்கும் தன் வீடு எது என்று தெரியாது. மனிதர்களை உச்சந்தலையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ரெட்டைச்சுழி என்றால் தறிக்காரர் மகன், கோணல் வகிடு என்றால் மாடத்தி, வழுக்கையில் தழும்பு என்றால் தபால்காரர். பெண்கள் மூக்குக்கும் கழுத்துக்கும் போட்ட அழகை எல்லாம் வகிட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். முகத்தில் பவுடர் போடுவது நின்றே போனது, பார்க்க ஆள் வேண்டுமே.

ஆனால் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. ஊரே கால் தரையில் பாவாமல் அலைந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, வீட்டுக்குள் போனால் கூரை மட்டுமே தெரிந்ததால் வெளியே வரத் தோன்றியது, வெளியே வந்தால் தன் தலை தனியாகப் போவதைப் பார்த்துத் திரும்ப உள்ளே போகத் தோன்றியது. அதைவிட மோசமான ஒன்று மெல்ல மெல்லத் தெரிந்தது. மேலே இருந்து பார்க்கும்போது யாருக்கும் வலிக்கிற மாதிரியே தெரியவில்லை. மாடத்தியின் மகள் வெந்நீர்ப் பானையைக் காலில் கவிழ்த்துக்கொண்டு முற்றத்தில் துடித்தபோது, மாடத்தி அந்தச் சின்னச் சுழி இங்கும் அங்கும் ஓடுவதைப் பார்த்து, பிள்ளை விளையாடுகிறது என்று நினைத்துக்கொண்டு நின்றாள். சத்தம் காதில் விழுந்தது, விழுந்தும் அந்தச் சத்தத்தையும் அந்தச் சுழியையும் சேர்த்து நினைக்க அவளுக்குத் தோன்றவில்லை. பிறகு அதைச் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள்.

முப்பிடாதியின் கவலை வேறு. செல்லக்கனிக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை சிவனணைந்தான் லாரி பட்டறையில் மெக்கானிக், நல்ல பையன், தூரத்து ஊர். போனால் வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தால் பெரிசு. மகள் முகத்தைப் பார்த்து நாற்பது நாள் ஆகிவிட்டது. வீட்டுக்குள் பக்கத்தில் படுத்திருந்தாலும் முப்பிடாதிக்குத் தெரிவது ஓடுதான், வெளியே வந்தால் நாலு பனைக்குக் கீழே ஒரு வகிடு. கனியை ஆனாலும் யாரை ஆனாலும் அண்ணாந்து பார்க்கச் சொன்னால் பார்ப்பார்கள்தான், ஆனால் வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்ப்பார்கள், தெரிவது கைதான். கனி அழகா, மாநிறமா, சிரித்தால் எந்தக் கன்னம் முதலில் குழியும் என்று ஒருநாள் யோசித்துப் பார்த்தாள், வரவில்லை. பெற்ற பிள்ளையின் முகமே மனதில் இல்லை. முகம் இல்லாமல் பிள்ளையை அனுப்பிவிட்டு நான் எதை நினைத்துக்கொண்டு இருப்பேன் என்று அழுதாள்.

மறுநாள் காலையில் கம்பவுண்டர் வீட்டுக்குப் போனாள். ஆவுடையப்பன் கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தான். அவள் பார்த்ததெல்லாம் ஒட்ட வெட்டிய கிராப்பும், ஏறி இறங்குகிற கோடாலியும்தான்.

"தம்பி, நீயும் மேலதான் இருக்கியா?"

கோடாலி நின்றது. "இல்லக்கா. நான் எறங்கிட்டேன்."

"எப்படிய்யா எறங்கின? நீ எழுதினத வாசிச்ச நாங்க அந்தரத்துல தொங்குதோம். உன் புத்தகத்துல ஏறுததுக்கு வழி இருக்கு, எறங்குததுக்கு இல்லியே."

கோடாலியைத் தரையில் போட்டான். விறகின் மேல் உட்கார்ந்தான் போலிருக்கிறது, கிராப்பு தாழ்ந்தது.

"ஒரு பக்கம் எழுதிக் கிழிச்சிட்டேன்க்கா."

"உங்க அப்பா கிழிச்சாரா?"

"அவர் பாக்கவேயில்ல. நான்தான். பதினேழாவது தடவ போகும்போது மேகம் தாழ்ந்து கெடந்துச்சு, அதனால ரொம்பக் கீழ எறங்கிப் போனேன். ஒரு ஊரு. எல்லாரும் ஓடுனாங்க, முதுகும் தலையுமாத்தான் தெரிஞ்சுது. ஒரு பொம்பள மட்டும் ஓடல. களத்துல நின்னு ஏதோ பொடச்சிக்கிட்டு இருந்தவ, கையில சுளகோட அப்படியே நிமிர்ந்து என்னப் பாத்தா. முழு முகமும் தெரிஞ்சுது. உங்க வயசு இருக்கும். நெத்தியில வேர்வை. என்னமோ கேக்க வர்ற மாதிரி வாயத் தொறந்தா."

"பெறகு?"

"பொத்தான நான் முதல்லயே அமுக்கிட்டேன்க்கா. முகத்தப் பெறகுதான் பாத்தேன்."

கொல்லையில் கோழி ஒன்று கேறிக்கொண்டிருந்தது. முப்பிடாதிக்கு அவனைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, அவன் தலையைத் தொட வேண்டும் போலவும் இருந்தது, இரண்டையும் செய்யவில்லை.

"வண்டிய எறக்க இன்னும் அரைமணி நேரம் ஆச்சு," என்றான். "ஆனா நான் அந்த எடத்துலயே எறங்கிட்டேன். பதினெட்டாவது தடவ போனது என் கையும் காலும்தான்."

"இத எழுதாம வேற என்னத்தடே எழுதின நீ?" என்றாள்.  "சரி, முதல்லருந்து சொல்லு. ஒரு வார்த்தை விடாம சொல்லு."

அவன் திரும்பச் சொன்னான். அவள் உதட்டை அசைத்து அசைத்து வரி வரியாக மனதில் ஏற்றிக்கொண்டாள்.

அன்றைக்குக் கொட்டகையில் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைச் சொன்னாள். கையில் புத்தகம் கிடையாது, இருந்தாலும் அவளுக்கு அது கிடுகாகத்தான் தெரியும். வேர்வையைச் சொன்னாள், திறந்த வாயைச் சொன்னாள், பொத்தானைச் சொன்னாள். சுளகு என்று சொன்னபோது நாற்பத்திரண்டு பேரின் விரலும் நின்றன. கொட்டகை தொடங்கிய நாளிலிருந்து மணி அடிக்காமல் அத்தனை விரலும் ஒரே நேரத்தில் நின்றது அன்றைக்குத்தான். யாரோ "திரும்ப" என்றார்கள். திரும்பச் சொன்னாள்.

மாடத்திதான் முதலில் இறங்கினாள். தன் மடியையும் மடியில் கிடந்த இலையையும் பார்த்தாள், எழுந்து ஒரே ஓட்டமாக வீட்டுக்குப் போய் மகளின் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதாள். அதற்குள் கொட்டகை முழுக்க ஒவ்வொருத்தியாகத் தன் மடிக்கு வந்து சேர்ந்திருந்தாள். செல்லக்கனியும் இறங்கிவிட்டாள், நாற்பத்தோரு நாள் கழித்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சாயங்காலம் ஆவுடையப்பன் அந்தப் பக்கத்தைக் கைப்பட எழுதி எழுதி மிச்சப் பிரதிகளில் ஒட்டினான், கம்பவுண்டரே பசை காய்ச்சிக் கொடுத்தார். இறங்கிய பெண்கள் அதை வாசித்துக் காட்ட, ஒரு வாரத்தில் ஆம்பிளைகளும் இறங்கி, வரப்புத் தகராறைத் தரையில் நின்றே தொடர்ந்தார்கள்.

முப்பிடாதி மட்டும் இறங்கவில்லை. ஊர் வியந்தது, அவள் வியக்கவில்லை. ஒன்பது வருஷமாக எதையும் தனக்கென்று கேட்டுப் பழக்கமில்லை. எந்த வார்த்தை காதில் விழுந்தாலும் அதைச் சிந்தாமல் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற நினைப்பிலேயே கேட்பவள், ஆவுடையப்பன் சொன்னதையும் அப்படித்தான் கேட்டாள். தண்ணீர் சுமக்கிறவளுக்குக் குடம் ஈரம், வாய் ஈரமில்லை. கனி அவளை உட்காரவைத்து அதே பக்கத்தைப் புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்டினாள். முப்பிடாதி கேட்டுவிட்டு, "அந்த எடத்துல கொஞ்சம் நிறுத்தணும்ட்டி, நீ ஓடுத," என்றாள். எங்கே இறங்குவது!

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒரே ஒரு காரியம் கேட்டாள். மணவறைக்கு நேர் மேலே பந்தலில் நாலு கிடுகு வேயாமல் விட வேண்டும்.

"பந்தல்ல ஓட்டையா? கேட்டவன் சிரிப்பான்," என்றாள் மாப்பிள்ளையின் அத்தை வேலம்மாள். "மழை வந்தா? வெயில் அடிச்சா? பொண்ணும் மாப்பிள்ளையும் அப்பளமா காயவா?"

"பிள்ளை முகத்ததான் பாக்கக் குடுத்து வைக்கல மைனி. தாலி ஏறும்போது வகிட்டையாவது பாத்துக்கிடுதேன். அது போதும் எனக்கு."

வேலம்மாள் வாயைத் திறக்கும் முன் சிவனணைந்தான் குறுக்கிட்டான். "நான் காலையிலருந்து சாயங்காலம் வரை லாரிக்கு அடியில மல்லாந்து கெடக்கவன் அத்தை. மேல பாத்தா எண்ணெய்தான் மூஞ்சில சொட்டும். ஒரு நாளாவது வானம் தெரியட்டுமே."

நாலு கிடுகு விட்டுத்தான் பந்தல் போட்டார்கள். வேலம்மாள் அதற்கு ஈடாக, பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மூன்று முடிச்சும் விழுகிற வரை தலை நிமிரக்கூடாது, எங்கள் குடும்பத்தில் நிமிர்ந்த பெண் கிடையாது என்று மூன்று தரம் சொல்லிவிட்டுப் போனாள். கனி தலையை ஆட்டினாள்.

முகூர்த்தம் காலை ஒன்பதுக்கு மேல். முப்பிடாதி மகளை ஒட்டி நின்றாள், எட்டினால் தொட்டுவிடலாம். ஆனால் அவள் பார்த்தது நாலு பனைக்குக் கீழே பந்தல் என்கிற பழுப்பு விரிப்பையும், அதன் நடுவில் ஒரு சதுரத்தையும், சதுரத்துக்குள் மல்லிகையும் நெற்றிச்சுட்டியும் நேராக எடுத்த வகிட்டையும்தான். நல்ல வகிடு, நானே எடுத்துவிட்டது, கைத் தடவலிலேயே நேராக வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அதைக் கண் கொட்டாமல் பார்த்தாள். இதுதான் என் பிள்ளை, இதை வைத்துக்கொண்டுதான் மிச்ச காலம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மனசு கேட்டபாடில்லை.

கெட்டிமேளம் கொட்டியது. சிவனணைந்தான் குனிந்து முதல் முடிச்சைப் போட்டான்.

சதுரத்துக்குள் மல்லிகை பின்னால் சரிந்தது. நெற்றி வந்தது, புருவம் வந்தது, மூக்கு வந்தது, பிறகு முகம் முழுக்க வந்தது. கனி கண்ணை இடுக்கவில்லை, கையை நெற்றிக்குக் கொண்டுபோகவில்லை. வெயில் முகத்தில் அடித்துக் கண்ணில் தண்ணீர் வழிந்தது, வழிய வழியத் திறந்த கண்ணோடு ஆகாயத்தில் இங்கே அங்கே என்று தேடினாள், அம்மா எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

"ஏட்டி, குனி! குனிட்டி!" வேலம்மாள் பதறினாள். நாயனக்காரர் சுருதியைத் தவறவிட்டார். சபையில் இருந்த கிழம் கட்டை எல்லாம் மேலே என்ன என்று தாங்களும் அண்ணாந்து பார்த்தது. சிவனணைந்தான் மட்டும் ஒன்றும் நடக்காதது மாதிரி இரண்டாவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"யம்மா, தெரியுதா?" என்று கனி ஆகாயத்தைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள். "யம்மா, நல்லா பாத்துக்கோ, நான்தான்."

முப்பிடாதி பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. கல்யாணப் பெண்ணின் முகம் இல்லை அது, ராத்திரி எல்லாம் தூங்காமல் அம்மாவை நினைத்துக்கொண்டு கிடந்த பிள்ளையின் முகம். யாருக்கும் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டியிராத, எந்தக் கொட்டகையிலும் வாசிக்க வேண்டியிராத முகம், அவளுக்கே அவளுக்கென்று நிமிர்ந்தது. ஐயோ என் பிள்ளை என்று ஒரு சத்தம் அவளுக்குள்ளிருந்து கிளம்பியது, கிளம்பிய அந்த மூச்சிலேயே நாலு பனை உயரமும் இறங்கி அவள் பார்வை அவள் கண்ணுக்குள் வந்து விழுந்தது.

எதிரே ஒரு கழுத்து தெரிந்தது. புது மஞ்சள் கயிறும், விழுங்கி விழுங்கி அசைகிற தொண்டையும், வேர்த்த தாடையின் அடிப்பக்கமும் தெரிந்தன. முகம் எங்கே? முகம் இன்னும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தது, காலியாகிவிட்ட ஆகாயத்தில் அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தது.

முப்பிடாதி கையை நீட்டி மகளின் மோவாயைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள்.

"அங்கன என்னத்தட்டி பாக்க?" என்றாள். "நான் இங்கன நிக்கேன்."